போன் லைன், லேன், ஃபைபர் வேலைக்குப் போறவங்க பையில என்ன இருக்கணும், அதை எப்படிப் பிடிக்கணும்

புதுசா இந்த லைனுக்கு வர்ற தம்பிங்க என்கிட்ட முதல்ல கேக்குறது, "அண்ணே, எந்த டெஸ்டர் வாங்கலாம்?" அதுக்கு நான் எப்பவும் சொல்றது, டெஸ்டரை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல வயர் மேல படுற சாமானை நல்லதா வாங்குப்பா. உரிக்கிறது, வெட்டுறது, பன்ச் பண்றது (வயரைப் பிளவுக்குள்ள அழுத்திச் சொருகுறது), இந்த மூணும் சுத்தமா இருந்தா பாதி ஃபால்ட்டு பொறக்கவே பொறக்காது, அப்புறம் அதைத் தேடுறதுக்கு டெஸ்டரும் அவ்ளோ தேவைப்படாது. நான் 2001-ல ஹெல்ப்பரா சேர்ந்தப்போ ஊரு முழுக்க லேண்ட்லைன்தான், தெருவுல கேபிள் பிரியுற பில்லர் பாக்ஸ், வீடுங்களுக்கு லைன் பிரியுற டிபி பாக்ஸ், உள்ள ஜெல்லி நிரப்பின கேபிளோட ஜாயின்ட்னு அலைஞ்சோம், அப்புறம் ஆபீஸ் ஆபீஸா கம்ப்யூட்டருக்கு லேன் கேபிள் இழுத்தோம், இப்போ வீட்டுக்கு வீடு ஃபைபர். மூணுலயும் கை வெச்சதுல எனக்குப் புரிஞ்சது, எந்த டூலா இருந்தாலும் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாதுன்னு தெரிஞ்சு வாங்கணும். அது தெரியாம விலை கூடின மீட்டர் வெச்சிருந்தும் தப்பான வயரை வெட்டினவங்களை நிறைய பார்த்திருக்கேன்.

கையில பிடிக்கிற சாமான்

கட்டிங் பிளேயர் ரெண்டு வெச்சுக்கோங்க. ஒண்ணு பெருசு, 8 இன்ச், டபாரியா மாதிரி நம்பி வாங்கக்கூடிய கம்பெனி, போஸ்ட்ல இருந்து வீட்டுக்கு வர்ற டிராப் வயரோட இரும்புக் கம்பி, கொக்கி, ஆணி எல்லாம் அதுக்குத்தான். இன்னொன்னு சின்ன சைடு கட்டர், அது காப்பருக்கு மட்டும். அந்தச் சின்னதை வெச்சு ஒரு தடவை இரும்புக் கம்பியை வெட்டிட்டீங்கன்னா வாயில பள்ளம் விழுந்துடும், அப்புறம் 0.4 எம்எம் வயரை வெட்டாது, கடிச்சு மெல்லும், வயரு முனை நசுங்கி க்ரோன் மாட்யூலோட (வயரைச் சொருகுற பிளாஸ்டிக் கட்டை) பிளவுக்குள்ள ஒழுங்கா இறங்காது. என் சின்ன கட்டரை நான் யாருக்கும் இரவல் குடுக்க மாட்டேன், கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

பல்லுல கடிச்சு வயர் உரிக்கிற பழக்கம் இன்னும் நிறைய பேருக்கு இருக்கு, பழைய லைன்மேன்கிட்ட இருந்து வந்தது. தயவுசெஞ்சு விட்டுடுங்க. லைன் சும்மா இருக்கறப்போ 48 வோல்ட் டிசிதான், காய்ஞ்ச கையில ஒண்ணும் பெருசா தெரியாது, ஆனா அந்த நேரம் யாராச்சும் அந்த நம்பருக்குப் போன் பண்ணா ரிங் வோல்டேஜ் 75 வோல்ட்டுக்கு மேல ஏசியா வரும், ஈரமான வாயில அது பட்டா ஏணியில நிக்கிறவன் கதி என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

லேன் கேபிளுக்கு சுத்துற ஸ்ட்ரிப்பர் வேணும், அதுலயும் பிளேடு ஆழத்தை அட்ஜஸ்ட் பண்ற ஸ்க்ரூ இருக்கிறதா பாருங்க. புது பிராண்டு கேபிள் வந்ததும் ஒரு சாண் வேஸ்ட் துண்டுல முதல்ல சுத்திப் பாருங்க, ஒரே சுத்து போதும், அப்புறம் அந்த இடத்தை மடக்குனா ஜாக்கெட் தானா விரியணும், உள்ள இருக்கற கலர் வயர் மேல பிளேடு கோடு இருக்கவே கூடாது. எனக்கு இன்னும் பிடிச்ச முறை ஒண்ணு இருக்கு. கேபிளுக்குள்ள ஒரு வெள்ளை நூல் ஓடுது பாருங்க, அதை நிறைய பேரு வேஸ்ட்னு வெட்டிப் போடுறாங்க, அது ஜாக்கெட்டைக் கிழிக்கறதுக்குன்னே வெச்சது. ஒரு இன்ச் உரிச்சிட்டு அந்த நூலை பிளேயர்ல பிடிச்சு கீழ்ப்பக்கமா இழுத்தா ஜாக்கெட் நெடுக கிழிஞ்சுட்டே போகும், ஒரு மூணு இன்ச் கிழிச்சிட்டு, பிளேடு பட்ட அந்த முதல் இன்ச் வயரை மொத்தமா வெட்டி எறிஞ்சிடுங்க. மிச்சம் இருக்கற வயர்ல பிளேடே படலைன்னு நிம்மதியா பன்ச் பண்ணலாம்.

பேப்பர் கத்தியால ஜாக்கெட் உரிக்கிறது வேகம்தான், ஆனா வயர்ல லேசா ஒரு கீறல் விழுந்தா அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, ஆறு மாசம் கழிச்சு சுவத்துல லேன் மாட்டுற ஃபேஸ் பிளேட்டை யாராச்சும் ஆட்டுறப்போ அங்கதான் முறியும்.

தலையில மாட்டுற லைட்டும் டூல்தான், அதை டூலா யாரும் நினைக்கிறதில்ல. அதுவும் வெள்ளை எல்இடியா இருக்கணும், மஞ்சள் வெளிச்சத்துல ஆரஞ்சும் பிரவுனும் சிவப்பும் ஒண்ணா தெரியும். போன் கேபிள் கலர் கோடு மனப்பாடமா இருக்கணும், முதல் வரிசை வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், வயலட், ரெண்டாவது வரிசை நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், ஸ்லேட். முதல் அஞ்சு ஜோடி வெள்ளையோட, அடுத்த அஞ்சு சிவப்போட, இப்படியே போனா 25 ஜோடி. 13-வது ஜோடி எதுன்னு கேட்டா கருப்பு பச்சைன்னு யோசிக்காம வரணும்.

க்ரோன் டூல்

போன் வேலையில எனக்கு ரொம்பப் பிடிச்ச டூல் எதுன்னு கேட்டா, வயரைப் பன்ச் பண்ற இந்த க்ரோன் டூலைத்தான் சொல்வேன். க்ரோன்கிறது ஜெர்மனி பெர்லின் கம்பெனி பேரு, நம்ம ஊர்ல எந்தக் கம்பெனி மாட்யூலா இருந்தாலும் க்ரோன்னுதான் சொல்றோம். அந்த சிஸ்டத்துக்கு எல்எஸ்ஏன்னு ஒரு பேரு உண்டு, சால்டர் வேணாம், ஸ்க்ரூ வேணாம், உரிக்க வேணாம்னு ஜெர்மன்ல சொல்றதோட சுருக்கம் அது. அந்த உரிக்க வேணாங்கறதை கவனிங்க, வயரை உரிச்சிட்டு பன்ச் பண்றவங்களை இன்னும் பார்க்குறேன், அப்படி பண்ணா பிளவு வயரைப் பிடிக்காது, பிளாஸ்டிக்கோட சேர்த்து அழுத்துனாதான் உள்ள இருக்கற தகடு அதைக் கிழிச்சு காப்பரைக் கெட்டியா பிடிக்கும்.

டூலோட முனையில ஒரு பக்கம் கத்தரி இருக்கும். அந்தக் கத்தரி பக்கம் எப்பவும் மீதி வயர் நீட்டிட்டு இருக்கற பக்கமா, அதாவது வெளிப்பக்கமா இருக்கணும். திருப்பிப் பிடிச்சு அழுத்துனா வேணுங்கற வயர் வெட்டுப்பட்டு வேண்டாத வால் மாட்யூல்ல நிக்கும், அவசரத்துல எல்லாரும் ஒரு தடவையாச்சும் பண்ற தப்பு இது. நேரா பிடிச்சு ஒரே அழுத்து, டக்குனு சத்தம் கேக்கணும். கேக்கலைன்னா டூலை எடுத்துட்டு வயரைப் பாருங்க, மேல மேல குத்தாதீங்க. ஸ்க்ரூ டிரைவர் முனையால அழுத்துறது வேண்டவே வேண்டாம், பிளவு அகண்டு போயிடும், அன்னைக்கு டோன் வரும், மழைக்காலத்துல கரகரன்னு இரைச்சலோட கம்ப்ளெய்ன்ட் வரும், பத்து ஜோடி மாட்யூலையே கழட்டி மாத்தணும். கைப்பிடிக்குள்ள மடிச்சு வெச்ச ஒரு சின்ன கொக்கி இருக்கும், பழைய வயரை எடுக்கறதுக்கு, அதை இழுத்து மாட்டி மேல தூக்குங்க, பக்கத்து வயரைத் தொடாது.

லேன்ல ஃபேஸ் பிளேட்டுக்குள்ள இருக்கற ஜாக், கேபிளுங்க வந்து சேர்ற பேட்ச் பேனல் எல்லாம் பெரும்பாலும் 110-ன்னு சொல்ற வேற டைப் பிளவு, அதுக்கு பிளேடு வேற. க்ரோன் பிளேடால 110-ஐ குத்தாதீங்க. பிளேடு மாத்திக்கிற மாதிரி ஒரே கைப்பிடி கிடைக்குது, அதை வாங்கிட்டு ரெண்டு பிளேடும் பையில வெச்சுக்கிட்டா போதும்.

மல்ட்டிமீட்டரும் டெஸ்ட் போனும்

மீட்டர் விலை கம்மியா இருந்தாலும் பரவாயில்ல, ஆனா ப்ரோப் நல்லதா இருக்கணும், கூடவே ரெண்டு முதலைக் கிளிப். செத்த லைனைப் பார்க்க நான் பண்ற வரிசை இது. வீட்டுச் சுவத்துல போன் மாட்டுற ரொசெட் பாக்ஸைத் திறந்து போனைக் கழட்டிட்டு டிசி 200 வோல்ட்ல வெச்சுப் பாருங்க. 48-ல இருந்து 52-க்குள்ள வந்தா எக்ஸ்சேஞ்ச் பேட்டரி உங்க கைக்கு வந்தாச்சு, போனோ உள்வயரிங்கோதான் கோளாறு. போனை எடுத்ததும் அது 6-ல இருந்து 12 வரைக்கும் இறங்கணும், அதுதான் ஆரோக்கியமான லைன். ஜீரோன்னா வயர் எங்கயோ அத்துருக்கு இல்லன்னா ஷார்ட்.

இங்கதான் மீட்டர் ஒரு விஷயத்தைச் சொல்லாது. 50 வோல்ட் அழகா காட்டும், ஆனா போனை எடுத்தா டோன் இருக்காது இல்ல ரொம்ப சன்னமா இருக்கும். காரணம் வழியில ஏதோ ஒரு ஜாயின்ட் பச்சைப் பாசி பிடிச்சு தொங்கிட்டு இருக்கும், கரண்ட் ஓடாதவரைக்கும் வோல்டேஜ் முழுசா தெரியும், ஓட ஆரம்பிச்சதும் எல்லாம் அந்த ஜாயின்ட்லயே செத்துடும். அதனால வோல்ட் மட்டும் பார்க்காம லூப் கரண்டையும் பாருங்க. மீட்டரை மில்லி ஆம்ப்ல போட்டு லைன்ல குறுக்க வெச்சா 20-க்கு மேல வரணும், 20-க்குக் கீழ போனா வழியில எங்கயோ ரெசிஸ்டன்ஸ் உக்காந்திருக்கு. இது போன் லைன்ல மட்டும்தான், எக்ஸ்சேஞ்ச் பக்கம் கரண்டைக் கட்டுப்படுத்துறதால செய்யலாம், வேற எந்த சப்ளைலயும் ஆம்ப் மோடுல குறுக்க வெச்சிடாதீங்க. பார்த்து முடிச்சதும் முதல் வேலையா சிவப்பு ப்ரோபை வோல்ட் ஓட்டைக்கு மாத்துங்க, மறந்துட்டு அப்படியே ஈபி பாயின்ட்ல வெச்சீங்கன்னா நல்ல காலமா இருந்தா ஃப்யூஸ்தான் போகும்.

ஷார்ட் ஆன ஜோடின்னா, ரெண்டு பக்கமும் கழட்டிட்டு ஓம்ல அளங்க. 0.5 எம்எம் காப்பர் ஜோடிக்கு போய்வர கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 178 ஓம், 0.4-க்கு கிட்டத்தட்ட 280 ஓம். 0.5 கேபிள்ல 35 ஓம் காட்டுச்சுன்னா ஷார்ட் சுமார் 200 மீட்டர் தள்ளி இருக்கு. எனக்கு வேலை கத்துக் குடுத்த அண்ணன் இந்தக் கணக்கை வெச்சே நடந்து போய் சரியா அந்த ஜாயின்ட் குழி மேல நின்னுடுவாரு, பக்கத்துல நின்னு பார்த்தப்போ எனக்கு மந்திரம் மாதிரி இருந்துச்சு. ஷார்ட் முழுசா ஒட்டியிருந்தாதான் இந்தக் கணக்கு சரியா வரும், ஈரத்துல பாதி ஒட்டியும் ஒட்டாம இருந்தா தப்பான தூரம் காட்டும், அதையும் அவரேதான் சொன்னாரு.

டெஸ்ட் போன், இடுப்புல கிளிப் மாட்டி தொங்கவிடுற அந்த ஒட்டுப் போன், அதுல ரெண்டு மோடு இருக்கும். பேசுறது ஒண்ணு, சும்மா ஒட்டுக் கேக்குறது ஒண்ணு. எந்த ஜோடியில கிளிப் போட்டாலும் முதல்ல ஒட்டுக் கேக்குற மோடுல போடுங்க. நான் சேர்ந்த ரெண்டாவது வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில ராத்திரி வேலை, டெட் ஜோடின்னு லிஸ்ட்ல எழுதியிருந்ததை நம்பி க்ரோன்ல இருந்து உருவிட்டேன், அது எமர்ஜென்சி வார்டு டைரக்ட் லைன், யாரோ பேசிட்டிருந்தது பாதியில அறுந்துச்சு. ஒரு நிமிஷத்துல திரும்பப் போட்டாச்சு, ஆனா அந்த ஒரு நிமிஷம் எனக்கு இன்னும் மறக்கல. அண்ணன் அன்னைக்கு திட்டவே இல்ல, "முதல்ல கேளு, அப்புறம் கை வை"ன்னு மட்டும் சொன்னாரு. ப்ராட்பேண்டு ஓடுற காப்பர் லைனா இருந்தா சாதாரண டெஸ்ட் போனை பேசுற மோடுல போட்டா நெட் கட்டாகும், அதுக்குன்னு டேட்டா லைனைப் பாதிக்காத மாடல் தனியா இருக்கு.

டோனர், குச்சி

கட்டுக்குள்ள நம்ம வயர் எதுன்னு தேடிக் கண்டுபிடிக்கிற டூல் இது, இதுல ரெண்டு பெட்டி. ஒண்ணு சத்தம் அனுப்புறது, இன்னொன்னு குச்சி மாதிரி இருக்கும், வயர் பக்கத்துல கொண்டு போனா அந்த சத்தம் கேக்கும். ஃப்ளூக் கம்பெனியில ப்ரோ3000 நல்லா உழைக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல விலை கம்மியான டோனரும் நிறைய கிடைக்குது, ஆரம்பத்துக்கு அதுவும் ஓடும்.

இதை வாங்கின நிறைய பேரு பத்து நாள்ல "சரியில்ல, எல்லா வயர்லயும் கேக்குது"ன்னு தூக்கிப் போட்டுடறாங்க. கோளாறு டோனர்ல இல்லைங்க, கிளிப் போடுற விதத்துல இருக்கு. ஒரே ஜோடியோட ரெண்டு வயர்ல கிளிப் போட்டா, முறுக்கி இருக்கறதால சத்தம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், வெளிய சன்னமாத்தான் வரும், ஆனா பக்கத்து கேபிளுக்குத் தாவாது. ஒரு கிளிப்பை ஒரு ஜோடியில இருக்கற வயர்லயும் இன்னொன்னை வேற ஜோடியிலயோ எர்த்துலயோ போட்டா சத்தம் பலமா வரும், ஆனா பக்கத்துல எல்லாத்துக்கும் பரவும். அதனால தூரத்துல இருந்து எந்த கட்டுல கேபிள் ஓடுதுன்னு தேடுறப்போ ரெண்டாவது மாதிரி போடுங்க, கட்டு கிடைச்சதும் முதல் மாதிரிக்கு மாத்திட்டு ஒவ்வொண்ணா குச்சியைத் தொட்டுப் பாருங்க.

இதுதான்னு கண்டுபிடிச்சாச்சு, சரி, ஆனா உறுதி பண்ணாம வெட்டாதீங்க. அந்த ஜோடியோட ரெண்டு வயரையும் உங்க விரலால ஒண்ணா சேர்த்துத் தொடுங்க, ஷார்ட் பண்ணுங்க. குச்சியில சத்தம் பட்டுன்னு நின்னா அதுதான் உங்க வயர். பக்கத்துல இருந்து தாவி வந்த சத்தமா இருந்தா ஷார்ட் பண்ணாலும் கேட்டுக்கிட்டேதான் இருக்கும். இந்த ஒரு சோதனை எனக்கு எத்தனை தடவை கை குடுத்திருக்குன்னு கணக்கே இல்ல. ட்யூப் லைட், ஃபேன் ரெகுலேட்டர் பக்கத்துல உம்முனு ஒரு சத்தம் வரும், அதை டோன்னு நினைச்சுக்காதீங்க, டோன் ஏறி இறங்கி பாடும், ஹம் ஒரே மாதிரி இருக்கும். நெட்வொர்க் சுவிட்ச்ல மாட்டியிருக்கற கேபிள்ல சாதாரண டோனர் கேக்காது, சுவிட்ச் போர்ட்டே சத்தத்தை விழுங்கிடும், பேட்ச் கார்டைக் கழட்டிட்டு தேடுங்க.

கிரிம்பிங்கும் பச்சை லைட்டும்

லேன் கேபிள் முனையில கனெக்டரை அழுத்தி மாட்டுற கிரிம்பிங் டூலை ராட்செட் வெச்சதா வாங்குங்க, முழுசா அழுத்தாம கையை விடவே விடாது, அதுதான் வேணும். கனெக்டர்ல கலர் வரிசை பி டைப், ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். முறுக்கை 13 எம்எம்-க்கு மேல பிரிக்காதீங்க, ஜாக்கெட் கனெக்டருக்குள்ள போய் அந்தப் பின்னாடி பிளாஸ்டிக் நாக்கு அதைக் கடிச்சு நிக்கணும், வெளிய வயரு கலர் தெரிஞ்சா அது வெட்டிப் போட வேண்டிய கனெக்டர். கிரிம்ப் பண்றதுக்கு முன்னாடி முன்பக்கமா பாருங்க, எட்டு காப்பர் முனையும் பளிச்சுனு கண்ணாடி மாதிரி இருக்கற அந்த பிளாஸ்டிக் வழியா தெரியணும்.

இப்போ எட்டு லைட் எரியுற லேன் டெஸ்டர். எல்லார் கையிலயும் இருக்கு, என்கிட்டயும் இருக்கு. அது வயர் அத்துருக்கா, மாறியிருக்கா, ஷார்ட்டான்னு சொல்லும். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாது. ஒரு நாலு மாடி ஆபீஸ்ல ஒருத்தர் முடிச்ச வேலையைப் பார்க்கக் கூப்பிட்டாங்க, எல்லா பாயின்ட்லயும் ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் வரிசையா பச்சை, ஆனா நெட் நகரவே மாட்டேங்குது, சில சிஸ்டம் 10 எம்பியில நிக்குது. ஒரு ஜாக்கைத் திறந்து பார்த்தேன், ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடின்னு அழகா பக்கத்துல பக்கத்துல அடுக்கியிருந்தாரு, ரெண்டு முனையிலயும் அதே மாதிரி. லைட்டுக்கு என்ன தெரியும், 3-ல விட்டா 3-ல வருது, அது பச்சைதான் காட்டும். ஆனா லேன்ல 3-ம் 6-ம் ஒரு ஜோடி. அது ஒரே முறுக்குல ஓடணும், அதனாலதான் பச்சையைப் பிரிச்சு நடுவுல நீலத்தை வைக்கிறோம். இவரு அடுக்குனதுல 3 ஒரு முறுக்கு, 6 வேற முறுக்கு, ஒண்ணோட சிக்னல் இன்னொன்னுல ஏறி எல்லாம் குழம்பிடுச்சு. இதுக்கு ஸ்ப்ளிட் பேர்னு பேரு. தூரமும் காட்டுற, ஸ்ப்ளிட் பேரும் பிடிக்கிற டெஸ்டர் கொஞ்சம் விலை கூட, ஃப்ளூக் மைக்ரோஸ்கேனர் மாதிரி, ஆபீஸ் வேலை எடுக்கறவங்க ஒண்ணு வாங்கித்தான் ஆகணும். 25 வருஷ வாரன்டி கேக்குற பெரிய வேலைக்கு டிஎஸ்எக்ஸ் மாதிரி சர்டிஃபை பண்ற மெஷின் வேணும், அது பல லட்சம், வாடகைக்கு எடுத்துக்கோங்க.

இன்னொன்னு, அந்த எட்டு லைட் டெஸ்டரை கேமரா, ஆக்சஸ் பாயின்ட்டுக்குப் போற கேபிள்ல மாட்டுறதுக்கு முன்னாடி மறுமுனை எதுல இருக்குன்னு பாருங்க. ஸ்டாண்டர்டுபடி செஞ்ச பிஓஇ (லேன் கேபிள்லயே பவர் அனுப்புற) சுவிட்ச், மறுபக்கம் சரியான சாமான் இருக்கான்னு கேட்டுட்டுதான் பவர் விடும், ஆனா கேபிள்ல பவர் சேர்க்குற விலை கம்மி இன்ஜெக்டர் பெட்டி சிலது எதையும் கேக்காம எப்பவும் பவரை விட்டுக்கிட்டே இருக்கும், டெஸ்டர் புகைஞ்சுடும்.

காப்பரா அலுமினியமா

இது மீட்டரால கண்டுபிடிக்கக்கூடிய திருட்டு, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். மார்க்கெட்ல கேட் 6 தர லேன் கேபிள்னு அடிச்சு, உள்ள அலுமினியம் மேல காப்பர் பூசுன வயரை விக்கிறாங்க. பார்த்தா தெரியாது. சின்ன தூரத்துல நெட்டும் வரும், ஆனா 80 மீட்டர் தள்ளி கேமரா போட்டா ராத்திரி ஐஆர் லைட் எரிஞ்சதும் ரீஸ்டார்ட் ஆகும், வயர் சூடாகும், பன்ச் பண்ண இடத்துல கொஞ்ச நாள்ல முறியும்.

305 மீட்டர் பாக்ஸ் வாங்கினதும் திறந்து ரெண்டு முனையையும் வெளிய எடுங்க. மீட்டர் ப்ரோப் ரெண்டையும் முதல்ல ஒண்ணோடொண்ணு தொட்டு என்ன காட்டுதுன்னு பாருங்க, 0.3, 0.4 வரும், அதைக் கழிச்சுக்கணும். அப்புறம் நீல வயரை மட்டும் ரெண்டு முனையிலயும் உரிச்சு அளங்க. நல்ல காப்பர்ல 24 கேஜ் கேட் 5இ-ன்னா 25-ல இருந்து 28 ஓம், 23 கேஜ் கேட் 6-ன்னா 20-ல இருந்து 22 ஓம் வரும். வெயில் நேரத்துல ஒண்ணு ரெண்டு ஓம் கூடும், அது சகஜம். அலுமினியமா இருந்தா 24 கேஜ்ல 40-க்கு மேல, 23 கேஜ்லயே 30-க்கு மேல போயிடும். நடுவுல வந்தா கேபிள் மேல அச்சடிச்ச கேஜை நம்பாம வயரோட தடிமனைப் பாருங்க. பிளேடால லேசா சுரண்டிப் பார்த்தாலும் உள்ள வெள்ளையா தெரியும். ஏற்கனவே சுவத்துல போயிட்ட கேபிளுக்கு ஒரு முனையில ஒரு ஜோடியை முறுக்கிவிட்டு மறுமுனையில அளங்க, 90 மீட்டர் கேட் 5இ காப்பருக்கு 15, 16 ஓம் வரணும், 24 ஓம் காட்டுச்சுன்னா கஸ்டமர்கிட்ட அப்பவே சொல்லிடுங்க.

ஃபைபர் பை

ஃபைபருக்கு தனிப் பை வெச்சுக்கோங்க, காப்பர் சாமானோட தூசி அதுல சேரக் கூடாது. மூணு ஓட்டை ஸ்ட்ரிப்பர், கெவ்லார் நூல் வெட்டுற கத்தரி, ஃபைபரை நேரா வெட்டுற கிளீவர், துடைக்கிறதுக்கு 99 சதவீத ஐபிஏ ஆல்கஹால், நூல் உதிராத டிஷ்யூ, கனெக்டர் துடைக்கிற கிளிக் பேனா, பவர் மீட்டர், சிவப்பு லைட் பேனா. ரெண்டு ஃபைபரை உருக்கி ஒட்டுற ஸ்ப்ளைசிங் மிஷின் லட்சக்கணக்குல வரும், ஆரம்பத்துல கம்பெனி குடுக்கறதுலயே கத்துக்கலாம், ஆனா கிளீவரை மட்டும் சொந்தமா வெச்சுக்கோங்க. ஸ்ப்ளைஸ் நல்லா வர்றதும் வராததும் பாதி கிளீவர் கையில இருக்கு. பிளேடு மழுங்கினதும் அடுத்த முகத்துக்குத் திருப்பணும், பெரும்பாலும் 16 முகம் இருக்கும், திருப்பின தேதியை மூடியில மார்க்கரால எழுதி வைங்க.

ஒட்டின இடத்தை மூடுற ஸ்லீவை முதல்ல நுழைச்சிடுங்க, அப்புறம்தான் உரிக்கணும். ஸ்ப்ளைஸ் முடிச்சுட்டு ஸ்லீவ் போட மறந்தா திரும்ப வெட்டி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். கோட்டிங் உரிச்சதும் மிஞ்சுறது 125 மைக்ரான் கண்ணாடி, ஐபிஏ நனைச்ச டிஷ்யூல ஒரே திசையில இழுங்க, சுத்தமானதும் கீச்சுனு ஒரு சத்தம் கேக்கும். அதுக்கு மேல விரலால தொடாம நேரா கிளீவர்ல வைங்க, அப்புறம் மிஷின்ல. ஒட்டின இடத்துல லாஸ் 0.05 டிபிக்குக் கீழ காட்டுனா போதும், 0.1-க்கு மேலன்னா வெட்டிட்டு திரும்பப் போடுங்க, பரவாயில்லைன்னு விடாதீங்க. வெட்டின துண்டுங்களை மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவுல போடுங்க, வீட்டு சோபாவுலயோ தரையிலயோ விழுந்தா தேடிக் கண்டுபிடிக்க முடியாது, குழந்தை கால்ல ஏறிடும்.

பவர் மீட்டரை ஜிபான் லைனுக்கு (வீட்டுக்கு வர்ற ஃபைபர் நெட்) 1490 நானோமீட்டர்ல வைங்க. கணக்கு சிம்பிள்தான், கம்பெனி பக்கம் சிக்னல் அனுப்புற ஓஎல்டி பெட்டியில இருந்து கிட்டத்தட்ட +3 டிபிஎம் வருதுன்னு வைங்க, 32-ஆ பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் 17 டிபி தின்னும், அஞ்சு கிலோமீட்டர் ஃபைபர் ஒண்ணு ஒண்ணரை, கனெக்டருங்க ஒண்ணு ஒண்ணரை, ஆக வீட்டுல -17 பக்கத்துல வரணும். -25 காட்டுதுன்னா மோடம் இன்னும் ஓடும், பச்சை லைட்டும் எரியும், ஏன்னா பொதுவா -27 வரைக்கும் அது தாங்கும். ஆனா எட்டு டிபி எங்கயோ காணாமப் போயிருக்கு, அதைத் தேடாம வந்துட்டீங்கன்னா அடுத்த மாசம் திரும்பப் போகணும். முதல்ல கனெக்டரைத் துடைச்சுட்டு அளங்க, பாதி கேஸ் அதுலயே முடியும். அடுத்து டிவி அலமாரிக்குப் பின்னாடி, கதவு இடுக்குல, கிளிப் ஆணி இறுக்கமா அடிச்ச இடத்துல மடங்கியிருக்கான்னு பாருங்க. சிவப்பு லைட் பேனாவை விட்டா உடைஞ்ச இடம் ஜாக்கெட் வழியாவே சிவப்பா மின்னும், லைட்டை அணைச்சுட்டுப் பாருங்க நல்லா தெரியும், ஆனா அந்தப் பேனா முனையையோ ஃபைபர் முனையையோ நேரா கண்ணுல பார்க்காதீங்க, லைன்ல ஓடுற வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது, ஆனா கண்ணுக்குள்ள போகும். பச்சை கனெக்டரை நீலத்துல மாட்டாதீங்க, பச்சையோட முனை 8 டிகிரி சரிஞ்சு வெட்டியிருக்கும், நீலம் அப்படி இல்ல, ரெண்டும் ஒட்டாது, சிக்னல் ஏகத்துக்கு விழும்.

ஏணி ஏறுறதுக்கு முன்னாடி

தொடாமலே கரண்ட் இருக்கான்னு பீப் அடிக்கிற டெஸ்டர் ஒண்ணு சட்டைப் பையில இருக்கணும், டூல் பையில இல்ல, சட்டைப் பையில. தெருவுல போன், டிவி, நெட் கேபிள் எல்லாம் ஈபி போஸ்ட்லதான் கட்டியிருக்காங்க, எங்கயாவது ஈபி வயர் உரசி நம்ம கேபிளோட இரும்புக் கம்பியில கரண்ட் ஏறியிருக்கும். தொடுறதுக்கு முன்னாடி அந்த டெஸ்டரை ஏற்கனவே கரண்ட் இருக்கறது தெரிஞ்ச இடத்துல ஒரு தடவை வெச்சு பீப் அடிக்குதான்னு பார்த்துட்டு, அப்புறம் கம்பியில வைங்க. பீப் அடிச்சா இறங்கிடுங்க, ஈபி ஆளுங்களைக் கூப்பிடுங்க. மழை பேஞ்சு முடிஞ்ச உடனே போஸ்ட் ஏறவே வேண்டாம், எந்த கம்ப்ளெய்ன்ட்டும் ரெண்டு மணி நேரம் பொறுக்கும். டிபி பாக்ஸைத் திறக்கறப்போ முகத்தைப் பக்கவாட்டுல வெச்சுட்டு ஸ்க்ரூ டிரைவரால நெம்பித் திறங்க, குளவி கூடு கட்டியிருக்கும்.

புதுசா வர்ற தம்பிங்க காசு சேர்த்து வாங்கற வரிசை என்னைக் கேட்டா இப்படிச் சொல்வேன். முதல் மாசம் சின்ன கட்டர், ஸ்ட்ரிப்பர், தலை லைட், அந்த பீப் டெஸ்டர். அடுத்து பன்ச்சிங் டூல் ரெண்டு பிளேடோட, ராட்செட் கிரிம்பர், சாதா மல்ட்டிமீட்டர், எட்டு லைட் டெஸ்டர். அதுக்கப்புறம் டோனர். ஃபைபர் வேலை நிறைய வருதுன்னு தெரிஞ்சதும் கிளீவரும் பவர் மீட்டரும். ஸ்ப்ளிட் பேர் பிடிக்கிற டெஸ்டர் முதல் ஆபீஸ் ஆர்டர் கைக்கு வந்த அன்னைக்கு. எல்லாத்துலயும் உங்க பேரோட முதல் எழுத்தை பெயின்ட்ல போட்டுடுங்க, சைட்ல பத்து பேரு டூல் ஒரே மாதிரி இருக்கும். மீட்டர், டோனர் ரெண்டையும் ரெண்டு வாரத்துக்கு மேல தொடாம வைக்கிறதா இருந்தா பேட்டரியைக் கழட்டிட்டு வைங்க, கசிஞ்சா உள்ள இருக்கற காண்டாக்ட் தகட்டை அரிச்சிடும்.